ஆக்னஸ் சிரிக்கிற இடம்

“திரும்பவும் அணைஞ்சிட்டு தம்பி.”

செபாஸ்டின் லேப்டாப்பைத் துண்டில் சுற்றி, ஊசி போடக் கைக்குழந்தையைக் கொண்டுவருகிறவர் மாதிரி கடைக்குள் வந்தார். இசக்கியப்பன் பல்லிடுக்கில் கடித்திருந்த திருகாணியை எடுத்துக் கீழே வைத்தான். முந்தின நாள் சாயங்காலம்தான் அதைச் சரிசெய்து அனுப்பியிருந்தான்.

“எப்ப அண்ணாச்சி?”

“பத்தரைக்கு. அவ சிரிக்கதுக்கு வாயத் தெறக்கா. பொசுக்குன்னு அணைஞ்சிட்டு.”

‘அவ’ என்றால் ஆக்னஸ், செபாஸ்டினின் மனைவி. இறந்து எட்டு மாதம் ஆகிறது. வேம்பாரில் தங்கச்சி மகன் கல்யாணத்தில் எடுத்த வீடியோவில் அவள் இருந்தாள். பந்தியில் யாரோ என்னவோ சொல்ல, கையிலிருந்த அப்பளத்தால் வாயை மறைத்துக்கொண்டு சிரிப்பாள். துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருஷம் இழுவைப் படகு ஓட்டி ஓய்வுபெற்ற மனுஷனுக்கு இப்போது அதைப் பார்ப்பது ஒன்றுதான் வேலை. வீடியோ முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து.

முதல் தடவை வந்தபோது, “உப்புக்காத்து அண்ணாச்சி, ஃபேன்ல தூசி அடைச்சு சூடாவுது” என்று சொல்லி ஃபேனைக் கழற்றித் துடைத்து மாட்டியிருந்தான். அதன் பலன்தான் இது.

“அப்பம் பேட்டரிதான். மாத்திருவோம்.”

பேட்டரி மாற்றினான். கடையில் மூன்று மணி நேரம் ஓடவிட்டான். அணையவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த செபாஸ்டின் சந்தோஷமாகக் கொண்டுபோனார். மறுநாள் வந்தார்.

“நேத்து ஒரு தடவ. இன்னைக்கு ரெண்டு தடவ.”

“அப்பம் ஒங்க வீட்டு கரண்டுதான் சரியில்ல.”

ஸ்டெபிலைசர் ஒன்றைக் கொடுத்தனுப்பினான். மீன்பெட்டி அளவுக்கு இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு அவர் நடந்து போனதைப் பார்த்தபோது இசக்கியப்பனுக்கே பாவமாக இருந்தது. இரண்டாம் நாள் அதையும் தூக்கிக்கொண்டே திரும்பி வந்தார்.

“மூணு தடவ” என்றார். மூச்சு வாங்கியது. “தம்பி, உள்ளதச் சொல்லு. அவ மொகத்த இனிமே பாக்கக் கூடாதுன்னு இருக்கா?”

“அப்படிலாம் சொல்லாதீங்க அண்ணாச்சி.” இசக்கியப்பன் லேப்டாப்பை வாங்கி மேஜையில் வைத்தான். “எல்லாத்தயும் அழிச்சிட்டுப் புதுசா விண்டோஸ் போட்டுருதேன். வீடியோவுக்கு ஒண்ணும் ஆவாது. நான் பொறுப்பு.”

வீடியோவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால், கொண்டுபோன ஒரு மணி நேரத்தில் செபாஸ்டின் ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்தார். முகம் வெளுத்திருந்தது.

“ஏ தம்பி, ஆக்னஸ் ஊமையாயிட்டா!”

புது விண்டோஸில் சத்தத்துக்கான மென்பொருளைப் போட மறந்திருந்தான். போட்டான். ஆக்னஸ் பேசினாள். செபாஸ்டின் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார். இரண்டு நாள் கழித்து, நான்கு தடவை அணைந்ததாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

இசக்கியப்பனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பதினோரு வருஷத் தொழிலில் கடலில் விழுந்த லேப்டாப்பைக்கூடப் பிழைக்கவைத்தவன் அவன். நல்லது செய்யச் செய்ய இது மட்டும் மோசமாகிக்கொண்டே போனது.

“இன்னைக்கு முழுக்க இங்கனயே ஓடட்டும். அணையுத நிமிஷத்துல நான் கையும் களவுமாப் புடிக்கேன்” என்றான்.

காலையிலிருந்து வேம்பார் கல்யாணம் கடையில் நடந்தது. பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்த ஞானையா, உப்பளத்தில் மேஸ்திரி, கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

“அப்பளத்த வச்சிக்கிட்டு சிரிக்காவல்லா, அது யாரு? ஒங்க அம்மாவா?”

“எங்க வீட்டுக்காரி” என்றார் செபாஸ்டின் ஸ்டூலிலிருந்து. “பக்கத்துல பச்சச் சேல கொழுந்தியா. எதுக்க இருக்கவன் மச்சான். அவந்தான் என்னமோ சொல்லி சிரிக்க வைக்கான். என்ன சொன்னாம்னு அவகிட்ட கேக்காமலே விட்டுட்டேன்.”

ஞானையா பிரிண்டரைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருடைய மனைவியும் போய் மூன்று வருஷம் ஆகிறதாம். இரண்டு பேரும் சேர்ந்து ஆக்னஸ் சிரிப்பதை ஆறு தடவை பார்த்தார்கள். லேப்டாப் அணையவே இல்லை.

“ஒங்க கடைன்னா அவளுக்குப் புடிச்சிருக்கு போல தம்பி” என்றார் செபாஸ்டின்.

பிறகு ஞானையா அவரை எதிர்த்த டீக்கடைக்கு அழைத்துப் போனார்.

அவர்கள் போனதும் இசக்கியப்பன் ஸ்க்ரூ டிரைவரைத் தொடாமல், எப்போது, எதனால் அணைந்தது என்று லேப்டாப் தனக்குள் எழுதிவைத்திருக்கும் குறிப்பைத் திறந்தான். முதல் நாளே பார்த்திருக்க வேண்டியது. வெட்கமாக இருந்தது.

சூடு இல்லை. பேட்டரி இல்லை. கரண்டு இல்லை. கடைசியாக அணைந்த நான்கு தடவையும் யாரோ வெளியிலிருந்து உத்தரவு கொடுத்து, முறையாக அணைத்திருக்கிறார்கள். அதற்கென்று ஒரு சின்ன புரோகிராம் உள்ளே உட்கார்ந்திருந்தது. எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்ட பிறகும் எவனோ மெனக்கெட்டு மறுபடி ஏற்றியிருக்கிறான்.

அவனுக்கு ரத்தம் கொதித்தது. பெண்டாட்டியைப் பறிகொடுத்த மனுஷனிடம் விளையாட எவனுக்கு மனசு வருகிறது? பில்லில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டான். ஷிப்பிங் ஆபீஸில் வேலைபார்க்கும் ஜெர்லின் எடுத்தாள், செபாஸ்டினின் மகள்.

“தங்கச்சி, கண்டுபுடிச்சிட்டேன்! லேப்டாப்புல ஒரு கொறையும் இல்ல. எவனோ ஒரு பய எங்கயோ இருந்துக்கிட்டு அத அணைக்கான். எங்கிட்ட வித்தை காட்டுதான். இப்பமே அந்தப் புரோகிராம அழிச்சிருதேன். இனிமே ஒங்க அப்பா கடைப் பக்கமே வர வேண்டியதில்ல. நிம்மதியா வீட்டுல உக்காந்து பாக்கட்டும்.”

ஆபீஸில் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்டுவிடாமல் அவள் அழுகிற சத்தம் வந்தது.

“அழிச்சிராதீங்கண்ணே, நாந்தான் ஆபீஸ்லருந்து அணைக்கேன், அம்மாவ அடக்கம் பண்ணிட்டு வந்து உக்காந்த அப்பா, ஒங்க கடைக்கு வாரதுக்கு மட்டுந்தாண்ணே எந்திரிச்சு வாசல் தாண்டுதாவ.”