வாயைக் காட்டச் சொன்ன மேஸ்திரி

உலகத்தில் உள்ள மேஸ்திரிகள் எல்லாரும் வேலையாளைப் பார்த்து "வாய் காட்டாதே" என்றுதான் அதட்டுவார்கள். "வாயைக் காட்டு, வாயைக் காட்டு" என்று காலையும் மாலையும் கெஞ்சிய ஒரே மேஸ்திரி எங்கள் ராயபுரம் கிடங்கில்தான் இருந்தார். பெற்றவர்கள் அவருக்கு ஏதோ ஒரு பெயர் வைத்துத்தான் இருப்பார்கள். அது யார் காதிலும் விழுந்ததில்லை. துறைமுகத்திலிருந்து திருவொற்றியூர் வரைக்கும் அவர் வாய்க்காட்டு மேஸ்திரி.

கிடங்கு ஒரு சாயக் கம்பெனியுடையது. நான் அங்கே குமாஸ்தா. கப்பலில் பீப்பாய் பீப்பாயாக அனிலின் வரும். அதிலிருந்துதான் சாயம் செய்வார்கள். பார்க்க நல்லெண்ணெய் மாதிரி இருக்கும் என்பதால் எங்கள் ஆட்களுக்கு அது 'ஆயில்'. மேலே பட்டால் சுடாது, எரியாது. பரம சாது. சத்தமில்லாமல் தோல் வழியாகவே உள்ளே இறங்கி இரத்தத்தைக் கெடுத்துவிடும். முதலில் உதடு நீலமாகும். அப்புறம் தலை சுற்றும். அப்புறம் ஆள் விழுவான். சாயத்தில் புழங்குகிறவர்களின் நகங்கள் பத்தும் பத்து நிறத்தில் இருக்கும், அவற்றைப் பார்த்துப் பயனில்லை. ஆகவே மேஸ்திரிக்கு உதடுதான் கதி.

ஆயிலுக்கு அழுகிய மீன் நாற்றம் உண்டு. ஆண்டவன் நல்ல எண்ணத்தில்தான் அப்படிப் படைத்திருப்பான், மனிதன் மோந்து பார்த்து விலகிக்கொள்ளட்டும் என்று. ராயபுரத்தில் கிடங்கு கட்டுவார்கள் என்று அவனுக்குத் தெரியாது. எங்கள் மதில் சுவருக்கு அந்தப் பக்கம் மீன், இந்தப் பக்கம் வலை, எதிரே கருவாடு. பீப்பாய் ஒழுகுகிறதா, கூடை வருகிறதா என்பது மேஸ்திரியின் மூக்கு ஒன்றுக்குத்தான் தெரியும். அவர் வாசலில் நின்று, போகிற வருகிற மீன்கூடைகளையெல்லாம் மோந்து பார்ப்பார்.

"இன்னா மேஸ்திரி, கூடைக்குள்ளாற மூக்க வுட்டுகினு கீற? வாங்கறதுன்னா வாங்கு. இல்லாங்காட்டி மூக்க எடு" என்றாள் ஒரு மீன்காரம்மா.

"வாங்கறதுக்கில்ல தாயீ. இந்த நாத்தம் உன்துதா, என்துதான்னு பாக்குறேன்."

"உன் நாத்தம் உனுக்கே தெரியலியா? பேஜாரான ஆளா கீறியே."

அவருடைய பெரிய பகை வெற்றிலைதான். வாசலில் ஒரு தொட்டித் தண்ணீர் இருக்கும். வாய் கொப்புளிக்காமல் யாரும் உள்ளே நுழைய முடியாது. "இது கொடோனா, கோயிலா?" என்று பக்கிரி என்ற கூலியாள் ஒருநாள் சண்டைக்குப் போனான்.

"செவந்து கீற வாயில நீலம் எப்டிடா தெரியும்? செத்தாலும் கல்யாண மாப்ள கணக்கா சிரிச்சுகினு கெடப்ப. கொப்புளிடா."

இத்தனைக்கும் ரங்கூனில் இருந்த காலத்தில் அவரே வெற்றிலை இல்லாமல் ஒரு வாக்கியம் பேசாதவராம். அங்கே ஒரு சாயப் பட்டறையில் அவருடைய தோஸ்து ஒருவன் வாய் சிவக்கச் சிவக்கக் கதை சொல்லிக்கொண்டே வேலை செய்தானாம். "பேச்சு நின்னப்புறந்தான் அவன் மூஞ்சியப் பாத்தோம்" என்பார். அதோடு வெற்றிலையை விட்டுவிட்டார். ஆனாலும் வெற்றிலைப் பெட்டியை மடியிலிருந்து எடுக்கவில்லை. காலிப் பெட்டி. சாப்பாடு ஆனதும் திறப்பார், ஒரு முறை மோந்து பார்ப்பார், மூடிவிடுவார்.

குடித்தவனை ஆயில் சீக்கிரம் பிடிக்கும் என்பது அவருடைய இன்னொரு பாடம். அப்போது மதுவிலக்கு அமலில் இருந்தது. போலீஸிடம் தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறவர்களெல்லாம் மேஸ்திரியிடம் வந்து, "நேத்து கொஞ்சம் ஆயிப்போச்சு, இன்னிக்கு வெளிவேலை குடு" என்று தாங்களாகவே ஒப்புக்கொள்வார்கள்.

இப்படிப்பட்ட ஆளை எல்லாரும் நம்பியிருக்க வேண்டும். கெடுத்தது நாவல்பழம். ஒரு ஆனி மாதம் பக்கிரி நீல உதட்டோடு வந்து நின்றான். மேஸ்திரி அவனைப் பேச விடவில்லை. துணியை உருவி, சோப்புப் போட்டுத் தேய்த்து, கைவண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டே ஓடினார். டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "பழம் நல்லாயிருந்துதா?" என்று கேட்டாராம்.

அடுத்த பலி நான். அப்போது ஒரு பென்சில் உண்டு, நுனியை நாக்கில் தொட்டு எழுதினால் ஊதாவாக விழும். கணக்கு எழுதி எழுதி என் வாய் எப்போதும் தேர்த்திருவிழா. ஒருநாள் மேஸ்திரி என் உதட்டைப் பார்த்தார். அடுத்த நிமிடம் நான் சட்டையோடு தண்ணீர்த் தொட்டிக்குள் இருந்தேன். கிடங்கே சிரித்தது. இனி இந்த ஆளிடம் வாயைத் திறப்பதில்லை என்று சபதம் செய்தேன். என்னைப் போன்ற வாயாடிக்கு அது கடுமையான விரதம்.

எனக்குப் பெண் பார்க்கப் போக நாள் குறித்தார்கள். புதிதாகத் தோல் பூட்ஸ் வாங்கினேன், நீளமான ஸாக்ஸோடு. அன்று மத்தியானம் பூட்ஸைக் கிடங்கில் எல்லாரும் பார்க்கட்டுமே என்று ஒரு சுற்றுச் சுற்றினேன். ஒரு பீப்பாயின் அடைப்பு பிதுங்கி, ஆயில் என் இரண்டு காலிலும் அபிஷேகமாக இறங்கியது.

மேஸ்திரி மணல்கூடையோடு ஓடி வந்தார். "கழட்டு நைனா. பூட்ஸு, ஸாக்ஸு எல்லாம் கழட்டு. சோப்புப் போட்டு முட்டி வரிக்கும் கழுவு."

"துடைத்துவிட்டால் போயிற்று, மேஸ்திரி."

"தோலு ஆயில குடிச்சுக்கினு கொஞ்சம் கொஞ்சமா உன் காலுக்கு ஊட்டும். இத்தப் பொதைக்கணும்."

"சாயங்காலம் பெண் பார்க்கப் போகிறேன். வெறுங்காலோடு போகச் சொல்றீங்களா?"

"பொண்ணு உன் காலயா பாக்கப் போவுது?"

அவர் தரையில் மணல் கொட்டத் திரும்பிய நேரத்தில், பழைய செய்தித்தாளால் பூட்ஸைத் துடைத்துக்கொண்டு பின்வாசல் வழியாக நழுவினேன்.

பெண்ணின் அப்பா தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், ராயபுரத்தில் கருவாட்டு மொத்த வியாபாரி. கீழே கடை, மேலே வீடு. என் ஸாக்ஸின் வாசனை அந்த வீட்டில் சொந்தக்காரனைப் போல நுழைந்து உட்கார்ந்துகொண்டது. பூட்ஸை வாசலில் விட்டேன். ஸாக்ஸைக் கழற்ற மனம் வரவில்லை. வந்ததும் வெற்றிலை கொடுத்தார்கள். மென்றேன். பெண் காப்பியோடு வந்தாள். தலை கிறுகிறுத்தது. நெஞ்சு படபடத்தது. கண் இருண்டது. காதல் இத்தனை வேகமாக வேலை செய்யும் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

அப்போது வாசலில் கூச்சல். எட்டிப் பார்த்தால், பெண் வீடு எது என்று தெருவெல்லாம் விசாரித்து வந்த வாய்க்காட்டு மேஸ்திரி மண்டிபோட்டு, அங்கே கிடந்த செருப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து மோந்துகொண்டிருந்தார். என் பூட்ஸ் வந்ததும் எழுந்து நேரே உள்ளே வந்து என் காலைப் பிடித்தார்.

"யாருவே நீரு? பொண்ணு பாக்க வந்த எடத்துல மாப்பிள கால உருவுதீரு?" என்றார் பெண்ணின் அப்பா.

"வாயக் காட்டு நைனா."

"மாட்டேன்" என்று சொல்ல நினைத்தேன். நாக்கு தடித்துக் கிடந்தது.

"யம்மா, ஒரு சொம்பு தண்ணி குடு. வாய் கொப்புளிக்கணும்" என்றார் பெண்ணிடம். அவள்தான் கொண்டுவந்தாள். கொப்புளித்தேன். சிவப்பு போயிற்று.

பெண் குனிந்து பார்த்துவிட்டு, "யப்பா, இவிய உதடு சிலேட்டு மாதி கெடக்கு" என்றாள். அவள் என்னைப் பற்றிச் சொன்ன முதல் அபிப்பிராயம் அது.

பெண்ணின் அம்மா பதறி வெந்நீர் எடுத்து வந்தாள். "வெந்நி வாணாம் தாயீ, அது இன்னும் உள்ள இழுத்துடும். பச்சத் தண்ணியும் சோப்பும் குடு." வருங்கால மாமனார் முன்னிலையில், கூடத்தின் நடுவில், என் இரு கால்களையும் அவர் முழங்கால் வரைக்கும் தேய்த்துக் கழுவினார். நான் விழ ஆரம்பித்தபோது தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். ரிக்‌ஷாவில் என்னைக் கிடத்திவிட்டு, பாரம் கூடினால் வண்டி மெதுவாகப் போகும் என்று, தான் பக்கத்திலேயே ஓடி வந்தார். இளைக்க இளைக்க ஒரே பேச்சு: "வாயக் காட்டு நைனா. தூங்காத. வாயக் காட்டு."

ஆஸ்பத்திரியில் எனக்கு ஊசியில் ஏற்றிய மருந்து என்ன நிறம் என்கிறீர்கள்? நல்ல நீலம். அதுவும் ஒரு சாயம்தானாம். நீலமானவனை நீலத்தைக் கொண்டே சிவப்பாக்கும் வித்தையை நான் வேறெங்கும் கண்டதில்லை. மறுநாள் என் சிறுநீர் பச்சை நிறத்தில் போனதைப் பற்றி விரிவாக எழுத ஆசைதான், பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார். கண் விழிக்கும்போதெல்லாம் எதிரே மேஸ்திரி. உதடு தெளிந்தது என்று டாக்டர் சொன்ன பிறகும் நம்பாமல், ஜன்னல் வெளிச்சத்துக்கு என் முகத்தைத் திருப்பி, கீழுதட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தார். நேரே கிடங்குக்குப் போய் என் பூட்ஸை மணலில் அடக்கம் செய்தாராம்.

சம்பந்தம் முறிந்தது என்றே இருந்தேன். பெண் வீட்டிலிருந்து சம்மதம் வந்தது. பிற்பாடு அவளிடம் காரணம் கேட்டேன். "ஒருத்தர் செருப்ப மோந்து மோந்து ஓடி வாராருன்னா, இவிய கொஞ்சமாவது தேறுவாவன்னு நெனச்சேன்" என்றாள். ஆக, அவள் மதிப்புப் போட்டது எனக்கில்லை.

கல்யாணத்துக்கு மேஸ்திரி சலவை வேட்டியில் வந்தார். என் மனைவி தாம்பூலத் தட்டை நீட்டினாள். அவர் மடியிலிருந்து காலிப் பெட்டியை எடுத்தார், திறந்தார், மூடினார். தட்டைப் பார்த்தார். பிறகு ஒரு வெற்றிலையை எடுத்து, காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

"இன்னிக்கு கொடோனு லீவு" என்றார் என் காதோரம். "ஆனாலும் நீ என் வாயப் பாத்துக்கினு இரு, நைனா."

சிவந்த வாயில் ஒன்றும் தெரியாது என்று எங்களுக்குச் சொன்னவரே அவர்தான். ஆனாலும் பந்தி முடியும்வரை சும்மா சும்மா அவரைக் கூப்பிட்டு, "மேஸ்திரி, வாயைக் காட்டுங்க" என்றேன். கூப்பிட்டபோதெல்லாம் எழுந்து வந்து காட்டினார். அவ்வளவு சிவப்பான சிரிப்பை அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை.