ஒரு காற்றுக்கு மட்டும் பேசும் சங்கு

நாற்காற்று நாட்டில் காற்று யாருக்கும் சொந்தமில்லாமல் வீசிய காலம் ஒன்று இருந்தது. அதைப் பற்றிப் பேசுவது இப்போது அங்கே நாகரிகமாகக் கருதப்படுவதில்லை.

அந்நாட்டை ஆண்டவர் பெருஞ்செவி மன்னர். மக்களின் குரலைக் கேட்பதற்கென்றே பிறந்தவர் என்று அரண்மனைப் புலவர்கள் அவரைப் பாடினார்கள். மன்னரையும் அங்கே தேர்தல் வைத்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வொரு தேர்தலிலும் மக்கள் நன்றாக யோசித்து, மறுபடியும் பெருஞ்செவியாரையே தேர்ந்தெடுத்தார்கள்.

ஒரு கோடையில் கருவூலம் வற்றியது. விற்பதற்கு நிலம் இல்லை, நீரும் இல்லை. அவை முன்பே விற்கப்பட்டிருந்தன. எனவே காற்றை ஏலம் விட்டார்கள். கிழக்கிலிருந்து வரும் கொண்டல், மேற்கிலிருந்து வரும் கோடை, வடக்கிலிருந்து வரும் வாடை, தெற்கிலிருந்து வரும் தென்றல் என நான்கு காற்றுகளும் நான்கு வணிகக் குழுக்களுக்குப் போயின. காற்றைக்கூட ஏலம் விட முடியுமா என்று சந்தையில் ஒரு பெண் கேட்டபோது, காற்றமைச்சர் நாவடக்கர், "விட்டாயிற்று, தாயே" என்று பணிவோடு பதில் சொன்னார்.

அடுத்த தேர்தலுக்கு முன் வீட்டுக்கு ஒரு சங்கு இலவசமாகக் கொடுத்தார்கள். அது சாதாரணச் சங்கு அல்ல. அதன் வாயில் ஓர் ஊரையும் ஒரு பெயரையும் சொன்னால், காற்று அந்தக் குரலை எடுத்துச்சென்று அந்த ஊரில் அந்தப் பெயருக்குரியவரின் சங்கில் சேர்த்துவிடும். மக்கள் மகிழ்ச்சியில் அழுதார்கள். சங்குக்கு வெல்வெட்டில் உறை தைத்தார்கள். பொட்டு வைத்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்கள். சங்கின் உட்புறம் சிவப்பு அரக்கில் ஒரு முத்திரை இருந்ததை அழகுக்காக என்று நினைத்துக்கொண்டார்கள்.

கருங்கல்பாக்கத்தில் நெல் அவிக்கும் வேலை செய்த ஆவுடை என்ற விதவைக்கும் ஒரு சங்கு கிடைத்தது. அதை வாங்க வரிசையில் நின்றவர்களில் அவளைப் போல அவசரத்தில் நின்றவர் யாருமில்லை.

அவளுடைய ஒரே மகள் கோமு தெற்கே தென்துறையில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். சிரிப்பதற்குக்கூட மாமியார் முகத்தைப் பார்க்க வேண்டிய வீடு அது. கடைசியாக ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது, படகில் ஒரு காலும் கரையில் ஒரு காலுமாக நின்று கோமு கேட்டாள்: "அம்மா, நான் ஒரு நாள் பையைத் தூக்கிட்டு வந்து நின்னா, உள்ள வான்னு சொல்லுவியா, இல்ல எதுக்கு வந்தேன்னு கேப்பியா?" ஆவுடை வாயைத் திறப்பதற்குள் மருமகன் வந்து பெட்டியைத் தூக்கினான். படகு நகர்ந்துவிட்டது.

அதற்குப் பதில் சொல்லத்தான் ஆவுடைக்குச் சங்கு வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பொட்டுகூட வைக்காமல் சங்கை வாயருகே வைத்து, "தென்துறை, கோமு" என்றாள். சங்குக்குள் கடல் இரைவது போன்ற சத்தம் மட்டும் கேட்டது. மறுபடி சொன்னாள். திண்ணையில் நின்று சொன்னாள். ஓட்டுக்கூரை மேல் ஏறி நின்று சொன்னாள்.

"என்னக்கா, கூரை மேல ஏறி மழைக்குத் தவமா?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டுச் சுடலி.

"கேக்க மாட்டேங்குதுடி."

"நீ மெதுவா சொல்றே. எங்க வீட்டுக்காரர் மேற்க பாத்து, ஒத்தக் கால்ல நின்னு, மூச்சைப் புடிச்சிக்கிட்டுப் பேசினாரு. அடுத்த தெரு வரைக்கும் கேட்டுச்சாம்."

"அடுத்த தெருவுக்கு சங்கு இல்லாமலே கேட்டிருக்குமே."

"அதையும் சொல்லிப் பாத்தேன். சங்கை அவமதிக்காதேங்கிறாரு."

பேச்சுக் கேட்காதவர்கள் எல்லோரும் தங்களையே நொந்துகொண்டார்கள். பிடித்த விதம் தவறோ, உச்சரிப்புச் சரியில்லையோ, வெள்ளிக்கிழமை அசைவம் சாப்பிட்டுவிட்டுத் தொட்டோமோ என்று குழம்பினார்கள். பள்ளிகளில் சங்கு பிடிக்கும் முறை ஒரு பாடமானது. அதில் தேறாதவர்கள் நாட்டுப்பற்று குறைந்தவர்கள் என்று ஆசிரியர்கள் பெற்றோரைக் கூப்பிட்டுச் சொன்னார்கள்.

ஆவுடை குறைகேள் மண்டபத்துக்குப் போனாள். அங்கே குறை கேட்பதற்காக நியமிக்கப்பட்டிருந்த அதிகாரி சங்கை வாங்கி உள்ளே பார்த்தார்.

"இது கோடைக்காற்றுக் குழுவின் சங்கு. யாரோடு பேச வேண்டும்?"

"என் மகளோடங்க. தென்துறையில இருக்கா. அங்க தென்றல் சங்கு குடுத்திருக்காங்களாம்."

அதிகாரியின் முகம் தெளிந்தது. "அப்படியானால் சங்கில் குறையே இல்லை. குறை மகளிடம். கோடைப் பகுதியிலேயே சம்பந்தம் செய்திருக்கலாமே?"

"கட்டிக் குடுக்கும்போது காத்து ஏலம் போகலீங்களே."

"முன்யோசனை வேண்டும், தாயே."

"இந்த அரக்கைச் சுரண்டிட்டா எந்தக் காத்துலயும் பேசும்னு சொல்றாங்களே?"

அதிகாரி எழுந்து நின்றுவிட்டார். "அந்த அரக்கைத் தொடுவது மன்னரின் காதைத் திருகுவதற்குச் சமம். அதற்குத் தண்டனை உண்டு."

"எனக்குக் குடுத்த சங்குதானேங்க இது?"

"உங்களுடையதேதான். யார் இல்லை என்றது? வைத்துக்கொள்வது உங்கள் உரிமை. பேசுவது குழுவின் உரிமை."

ஆவுடை கடிதம் அனுப்பலாம் என்று நினைத்தாள். ஆனால் சங்கு வந்தபிறகு தபால் ஓட்டக்காரர்கள் எதற்கு என்று அவர்களை மன்னர் ஓய்வில் அனுப்பியிருந்தார். படகில் போகலாம் என்று நினைத்தாள். குரலே போகும்போது உடம்பு ஏன் போக வேண்டும் என்று படகுகளையும் நிறுத்தினார்கள். இந்த இரண்டு ஆணைகளும் மக்களின் சிரமத்தைக் குறைக்கவே பிறப்பிக்கப்பட்டன என்று பறையடித்துச் சொன்னார்கள்.

மக்கள் வேறு விதமாகச் சமாளித்தார்கள். ஒரே காற்றுக்குள் பெண் எடுத்தார்கள், ஒரே காற்றுக்குள் பெண் கொடுத்தார்கள். வேறு காற்றில் இருந்த நண்பர்களை மெல்ல மறந்தார்கள். பிறகு, நண்பர்களை மறந்ததற்கு ஒரு காரணம் வேண்டியிருந்ததால், அவர்கள் நல்லவர்கள் இல்லை என்று கண்டுபிடித்தார்கள். கோடையார் எல்லோரும் முன்கோபிகள் என்று தென்றலார் சொன்னார்கள். தென்றலாருக்கு முதுகெலும்பு இல்லை என்று கோடையார் சொன்னார்கள். சங்கில் இருந்த அரக்கு எப்போது ஆட்களுக்குள் இறங்கியது என்று யாரும் கவனிக்கவில்லை.

ஆவுடை மட்டும் தினமும் வேலை முடிந்து வந்து சங்கை எடுத்துத் தென்துறையையும் மகளையும் கூப்பிட்டாள். பதில் வராது என்று தெரிந்தே கூப்பிட்டாள். ஒரு நாள் நெல் அவியும் அண்டாவின் முன் உட்கார்ந்து ஆவியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவளுக்குள் ஓர் எண்ணம் எழுந்தது. அதை அவள் அடக்கப் பார்த்தாள், அது அடங்கவில்லை. தென்துறை மலைக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. சங்கு இல்லாத காலத்தில் படகுக்குக் காசு இல்லாதவர்கள் நடந்துதான் போனார்கள். தானும் நடந்திருக்கலாம். கையில் ஒரு சங்கு இருந்ததால் நடப்பது முட்டாள்தனமாகத் தோன்றியது. அது மட்டுமா? சங்கு பேசாமல் இருந்தவரை தானும் பேச வேண்டியிருக்கவில்லை. வா என்று சொன்னால் மகள் வந்துவிடுவாள். வந்தால் ஊர் பேசும், சம்பந்தி வீடு வந்து நிற்கும், இரண்டு வயிறுகளுக்கும் உலை வைக்க வேண்டும். தினமும் சங்கைத் திட்டிய வாயின் அடியில் ஒரு சிறிய நிம்மதியும் இருந்தது. அதைப் பார்த்ததும் ஆவுடைக்கு அண்டாவின் சூட்டிலும் உடம்பு குளிர்ந்தது.

அடுத்த தேர்தல் நெருங்கியது. பெருஞ்செவி மன்னர் மேல்மாடத்தில் தோன்றி, சங்கு விடுதலை ஆணையை வாசித்தார். எல்லாச் சங்குகளின் அரக்கும் அகற்றப்படும். எந்தச் சங்கும் எந்தக் காற்றிலும் பேசலாம். மக்கள் வெடி வெடித்தார்கள். வெடிச் சத்தத்தில் ஆணையின் பின்பகுதி சரியாகக் கேட்கவில்லை. அதை நாவடக்கர் வாசித்தார்: "காற்று வணிகக் குழுக்களுக்கு ஏற்படும் நட்டத்தைக் கருதி, சங்கு வைத்திருப்போர் எவரும் சங்கு பெற்ற காற்றின் எல்லையைத் தாண்டிப் போகக் கூடாது. சங்குக்கு விடுதலை. சங்கு வைத்திருப்பவருக்குப் பாதுகாப்பு."

அரசு ஆட்கள் வந்து ஆவுடையின் சங்கில் இருந்த அரக்கைச் சுரண்டி எடுத்தார்கள். அவர்கள் போனதும் அவள் கதவைச் சாத்தினாள். இனி சொல்வதற்குச் சாக்கு எதுவும் இல்லை.

"தென்துறை, கோமு."

"யாரு?"

குரல் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல இருந்தது.

"நாந்தான்."

"அம்மாவா? அம்மா... சாப்பிட்டியா?"

"ஆச்சு. நீ?"

"ம். என்ன குழம்பு?"

"சுண்டைக்காய்."

"எனக்குப் பிடிக்குமேன்னு நினைச்சியா?"

"நினைக்காம?"

பிறகு ஆவுடை சொன்னாள்: "அன்னைக்குப் படகுல ஏறும்போது ஒண்ணு கேட்டியே..."

"அதெல்லாம் மறந்துட்டேம்மா." அப்படிச் சொல்வதற்கு முன் கோமு எடுத்துக்கொண்ட நேரம், அவள் மறக்கவில்லை என்பதைச் சொல்லிவிட்டது.

"வந்துரு. எதுக்கு வந்தேன்னு நான் கேக்க மாட்டேன். யாரும் கேக்க விடவும் மாட்டேன்."

மறுபக்கம் விசும்பலா சிரிப்பா என்று தெரியாத சத்தம் வந்தது.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம். பயந்துட்டேன். சங்கு மேல பழியைப் போட்டுட்டு இருந்துட்டேன்."

"இப்ப எப்படிம்மா வர்றது? எல்லையில காவல் போட்டுட்டாங்க. சங்கு வச்சிருக்கிறவங்க தாண்டக் கூடாதாம்."

ஆவுடை யோசித்தாள். கோமு சொன்னதை மனதுக்குள் மறுபடி ஓட்டிப் பார்த்தாள்.

"சங்கு வச்சிருக்கிறவங்கதானே தாண்டக் கூடாது?"

"ஆமா."

"அப்ப அதைக் கீழ வச்சிட்டுக் கிளம்பு. நானும் கிளம்புறேன். மலைக்கு நடுவுல பாப்போம்."

"வச்சிட்டா உன்கூடப் பேச முடியாதேம்மா."

"நேர்ல பேசிக்கலாம்டி, கழுதை."

ஆவுடை சங்கைச் சன்னலில் வைத்தாள். வெல்வெட் உறையைச் சுடலிக்குக் கொடுத்தாள். எங்கே போகிறாய் என்று சுடலி கேட்டாள். ஆவுடை சொன்னாள். சுடலி உறையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

கோடை எல்லையில் காவலன் ஈட்டியை நீட்டினான்.

"சங்கைக் காட்டு."

"இல்லய்யா."

"இல்லன்னா? வீட்ல வச்சிட்டு வந்தியா?"

"வேண்டாம்னு வச்சிட்டு வந்தேன்."

"அப்ப நீ எந்தக் காத்து?"

"எந்தக் காத்தும் இல்ல."

காவலன் தலைமைக் காவலனைக் கூப்பிட்டான். அவர் ஆணையை ஒருமுறை சத்தமாகவும் ஒருமுறை மனதுக்குள்ளும் வாசித்தார். சங்கு வைத்திருப்போருக்கு அதில் எல்லாம் சொல்லப்பட்டிருந்தது. சங்கு இல்லாதவர் என்று ஒருவர் இருக்கக்கூடும் என்று அரண்மனை நினைத்துப் பார்த்ததில்லை.

"சட்டப்படி நீங்க இங்க இல்ல" என்றார் அவர், சற்று வருத்தத்தோடு.

"சரிங்க" என்று ஆவுடை தாண்டினாள். அன்று எல்லையை யாரும் கடக்கவில்லை என்று அவர் தன் சங்கில் அரண்மனைக்குத் தெரிவித்தார். அதில் பொய் ஏதும் இல்லை.

மலையின் நடுவில் ஒரு பள்ளத்தாக்கு இருந்தது. அங்கே எந்தக் காற்றும் வீசாததால் ஏலத்தில் அதை யாரும் கேட்கவில்லை. புழுக்கமான இடம். ஓடையில் தண்ணீர் இருந்தது. தெற்குப் பாதையில் ஒரு பையோடு இறங்கி வந்த கோமுவை ஆவுடை முதலில் அடையாளம் காணவில்லை. அவ்வளவு இளைத்திருந்தாள். இருவரும் கட்டிக்கொள்ளவில்லை. ஆவுடை பையை வாங்கிக்கொண்டாள். கனமா என்று கேட்டாள் கோமு. இல்லை என்றாள் ஆவுடை, அது கனமாகத்தான் இருந்தது.

பின்னால் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். சுடலி வந்தாள்; புருஷனோடு சண்டை போட்டு அவனையும் இழுத்துக்கொண்டு வந்தாள். வாடைப் பகுதியிலிருந்து ஓர் அண்ணனும், கொண்டல் பகுதியிலிருந்து அவன் தம்பியும் வந்து, யார் முதலில் பேசுவது என்று நெடுநேரம் முறைத்துக்கொண்டு நின்றார்கள். பழைய தபால் ஓட்டக்காரர்கள் வந்தார்கள். பிறகு குடும்பம் குடும்பமாக, சங்கைச் சன்னலில் வைத்துவிட்டு எல்லோரும் வந்தார்கள். ஒவ்வோர் எல்லையிலும், யாரும் கடக்கவில்லை என்று அரண்மனைக்குச் செய்தி போய்க்கொண்டே இருந்தது.

தேர்தல் நாள் வந்தது. இம்முறை வாக்கும் சங்கில்தான். "பெருஞ்செவி மன்னர் நீடிக்க விரும்புவோர் சங்கை ஒலிக்கச் செய்க, விரும்பாதோர் மௌனம் காக்க" என்று நாவடக்கர் நான்கு திசைக்கும் அறிவித்தார்.

ஊர் ஊராக, தெருத் தெருவாக, ஆளில்லாத வீடுகளின் சன்னல்களில் சங்குகள் கிடந்தன. அரக்கு அகற்றப்பட்ட சங்குகள். அன்று நான்கு காற்றுகளும் நன்றாக வீசின. தடையின்றி உள்ளே புகுந்த காற்றில் ஒவ்வொரு சங்கும் தானாக ஊதத் தொடங்கியது. மன்னர் மேல்மாடத்தில் நின்று கண்களை மூடி அதைக் கேட்டார். இவ்வளவு ஒற்றுமையான குரலை அவர் தம் ஆட்சியில் ஒருபோதும் கேட்டதில்லை. ஓர் எதிர்ப்புகூட இல்லை என்று நாவடக்கர் கண்ணீரோடு அறிவித்தார்.

பள்ளத்தாக்கில் கோமு ஓடையில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். மலைகளுக்கு அப்பாலிருந்து வந்த நீண்ட ஓலத்தைக் கேட்டு நிமிர்ந்தாள்.

"அது என்னம்மா சத்தம்? யாராவது செத்துட்டாங்களா?"

ஆவுடை காதைக் கூர்மையாக்கிக் கேட்டாள். பிறகு அடுப்பை ஊதக் குனிந்தாள்.

"இல்லடி. தேர்தல் போல இருக்கு."