அம்மாவுக்குப் போன அலெப்போக் கதை

வெளிநாட்டுக்குப் போன பிள்ளை எவனும் தாயிடம் "நல்லாச் சாப்பிடுறன்" என்று சொன்னதாகச் சரித்திரம் இல்லை. சொன்னால் தாய்க்கு முகம் வாடிவிடும். "உங்கடை கைச் சாப்பாடு மாதிரி வருமே?" என்று ஒரு பெருமூச்சு விட்டால்தான் நிம்மதி. நானும் அந்தப் பெருமூச்சை விட்டவன்தான். என் கெட்டகாலம், அது ரொறொன்ரோவில் ஒரு மண்டபம் நிறைந்த சனத்துக்கு ஒலிபெருக்கியில் கேட்டுவிட்டது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. வேலை கேட்டுப் போன இடமெல்லாம் "கனடிய அனுபவம் உண்டா?" என்றார்கள். (இங்கே வந்து சேர்ந்ததே ஓர் அனுபவம்தானே என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.) ஆகவே ஸ்காபரோவில் எங்கள் பகுதி நூலகத்தில் சம்பளமில்லாத தொண்டனாகச் சேர்ந்தேன். வேறு நாடுகளிலிருந்து வந்து உணவகம் நடத்துபவர்களின் கதைகளைக் கசெற்றில் பதிந்து, ஒருநாள் ஊருக்குப் போட்டுக் காட்டுவது திட்டம். லோரன்ஸ் வீதியில் இருந்த சிரியாக்காரர்களின் கடைகள் என் பங்குக்கு வந்தன. அபு சமீரின் கடையில் தொடங்கினேன்.

அபு சமீர் என்றால் சமீரின் அப்பா என்று அர்த்தம். அலெப்போ நகரத்து மனிதர். அவரிடம் ஒரு கேள்வி கேட்டால் முதலில் ஒரு தட்டு வரும், பதில் பிறகுதான் வரும். தட்டை வழித்துத் துடைப்பது எங்கள் வீட்டு வளர்ப்பு. வெறும் தட்டைக் கண்டால் நிரப்புவது அவருடைய வளர்ப்பு. இப்படியே பல பின்னேரங்கள் போயின. அவருடைய குசினியில் சமைத்தவர் யோகன் அண்ணை, எங்கள் சாவகச்சேரி ஆள். அவர் எட்டிப் பார்த்து, "தம்பி, நீர் கதை கேக்க வந்தனீரோ, கலியாண வீட்டுக்கு வந்தனீரோ?" என்பார்.

ஒருநாள் கசெற் ஓடிக்கொண்டிருக்க, அபு சமீர் தட்டை என் பக்கம் தள்ளியபடியே தன் கதையை முழுவதும் ஆங்கிலத்தில் சொன்னார். சந்தைக்குப் போய்வருகிறேன் என்று தாயிடம் சொல்லிவிட்டு ஊரை விட்டு வந்தவராம். திரும்பிப் போகவே முடியவில்லையாம். "இதை என் பிள்ளைகளிடம் சொன்னதில்லை. முகத்தைப் பார்த்துச் சொல்ல வராது. நூலகத்தில் கேட்கட்டும்" என்றார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னோர் இறைச்சி உருண்டையை எடுத்தேன். (துக்கமும் ருசியும் பாதிப் பாதி.)

அதே கிழமை அம்மாவுக்கும் ஒரு கசெற் பேசினேன். அப்போது யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி இல்லை. கொழும்புக்குப் போகிறவர்கள் யாரிடமாவது கசெற்றைக் கொடுத்துவிட்டால், அது கைமாறிக் கைமாறி எப்போதாவது வீட்டுக்குப் போய்ச் சேரும். இரண்டும் ஒரேமாதிரிக் கசெற்றுகள். பெயர் எழுதி ஒட்டப் பஞ்சிப்பட்டு, எது எதுவென்று எனக்குத் தெரியாதா என்று விட்டுவிட்டேன்.

தெரியவில்லை.

நூலகத்து விழாவுக்கு அபு சமீர் கோட் போட்டு, மனைவி பிள்ளைகளோடு முன்வரிசையில் வந்து இருந்தார். பக்கத்தில் யோகன் அண்ணை. நான் ஆங்கிலத்தில் கொஞ்சம் முழங்கிவிட்டுப் பொத்தானை அழுத்தினேன்.

"அம்மா, நான் சுகம். சாப்பாடுதான் சரியில்லை. இஞ்சை ஒரு சிரியாக்காரற்றை கடைக்குப் போறனான். அந்தாள் தாறதை வாயிலை வைக்கேலாது. மனுசன் கவலைப்படுமெண்டு விழுங்கிறன்…"

நிறுத்தப் பாய்ந்தேன். பதற்றத்தில் சத்தத்தைத்தான் கூட்டினேன். சபையோர் அரபு என்று நினைத்து மரியாதையாகத் தலையாட்டினார்கள். யோகன் அண்ணையோ அபு சமீரின் காதோடு குனிந்து, ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் ஒப்புவித்துக்கொண்டிருந்தார். அவருடைய கோபமும் நியாயம்தான். சமைத்தவர் அவரல்லவா?

அபு சமீர் எழும்பி வந்தார். அடி விழப்போகிறது என்றே நினைத்தேன்.

"இது யாருக்குப் பேசியது?"

"அம்மாவுக்கு."

"அப்படியென்றால் என் கதை?"

"அதுவும்… அம்மாவுக்குத்தான் போயிருக்கிறது."

அபு சமீர் மண்டபம் அதிரச் சிரித்தார். "நானும் அம்மாவுக்குக் கசெற் அனுப்புகிறவன்தான். சொந்தமாக உணவகம் வைத்துக்கொண்டு, இங்கே வாய்க்கு ருசியாக ஒன்றுமில்லை என்றுதான் சொல்கிறேன்" என்று சபைக்குச் சொன்னார். சிரித்த வேகத்திலேயே என் கையிலிருந்த ஒலிவாங்கியை வாங்கி, பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தபடி, சந்தைக்கென்று புறப்பட்ட கதையைத் தன் வாயாலேயே சொல்லி முடித்தார். சமீர் அழுதான். நானும் அழுதேன். யோகன் அண்ணை மட்டும் கடைசிவரை என்னை முறைத்துக்கொண்டிருந்தார்.

மாதங்கள் கழித்து அம்மாவின் பதில் கசெற் வந்தது. பக்கத்து வீட்டு இங்கிலிஸ் ரீச்சரை வைத்து அயலெல்லாம் கூடியிருந்து கேட்டிருக்கிறார்கள்.

"தாயிட்டைச் சொல்லாமல் வந்த பிள்ளையாமே, பாவம். நாங்கள் எல்லாரும் அழுதிட்டம் ராசா." பிறகு ஒரு செருமல். "ஆனா முந்தின கசெற்றுகளிலை நீ சொன்னதைக் கேட்டு, சாப்பாடில்லாமல் காயிறாய் எண்டெல்லோ நான் இஞ்சை விரதம் பிடிக்கிறன்? கசெற் முழுக்க நீ மெல்லுற சத்தம்! 'இன்னும் கொஞ்சம் போடுங்கோ' எண்டு கேட்டதை ரீச்சர் திருப்பித் திருப்பிப் போட்டுச் சொன்னவ."

இப்போது அம்மா இங்கே மோர்னிங்சைட்டில் எங்களோடுதான் இருக்கிறா. மனைவியின் கறியில் உப்புக் குறைவு என்று நான் வாயைத் திறந்தால் போதும். கசெற் என்ற சாமானையே கண்ணால் கண்டிராத என் மகள் அப்பம்மாவைப் பார்ப்பாள். இருவரும் ஒரே குரலில் கேட்பார்கள்:

"கசெற்றைப் போடட்டோ?"