பானகத்துக்கு எத்தனை பேர்?

"எதுக்குன்னு சொல்லுங்க சார், உள்ள விடுறேன்" என்றார் அஸ்கர் அலி.

அதை மட்டும்தான் சேதுராமனால் சொல்ல முடியாது. கார் டிக்கியில் மூன்று பெரிய கேன்களில் ஐம்பத்து நாலு லிட்டர் பானகம் தளும்பிக்கொண்டிருந்தது. துபாய் சோனாப்பூரின் மே மாத வெயில் அதைக் கஷாயமாக்கிவிடத் துடித்தது. அந்தத் தொழிலாளர் கேம்ப் அவர் வேலை பார்க்கும் கட்டுமானக் கம்பெனியுடையது. கீழக்கரைக்காரரான அஸ்கர் அலி அதன் பொறுப்பாளர். சேதுராமனோ குவாலிட்டி மேனேஜர். வீட்டில் ரசம்கூட அவர் அப்ரூவல் இல்லாமல் அடுப்பை விட்டு இறங்காது.

எல்லாம் ஐசக் பென்கர் பற்றவைத்த நெருப்பு. ஐசக் பம்பாய் யூதர், அக்கவுண்ட்ஸ் பிரிவு. இஸ்ரேலில் மெரோன் மலையில் அவர்கள் மகான் ஒருவரின் சமாதி இருக்கிறதாம். லாக் பஓமர் என்ற திருநாளில் அங்கே யாத்திரிகர்கள் லட்சக்கணக்கில் திரள்வார்களாம். வேண்டுதல் உள்ளவர்கள், முக்கியமாகப் பிள்ளை வரம் கேட்பவர்கள், அந்த யாத்திரிகர்களுக்கு ஐம்பத்து நாலு லிட்டர் பானம் கொடுப்பார்களாம். அளவு மாறக் கூடாது.

"குரு யாரும் வாழ்த்த மாட்டாரா?" என்று கேட்டிருந்தார் சேதுராமன்.

"குடிச்சவன் வாழ்த்துவான், பாய். தாகம் தீர்ந்த வாயில அந்த நேரம் பொய் வராது."

சேதுராமன் அந்த இடத்திலேயே ஐம்பத்து நாலு என்று குறித்துக்கொண்டார். கல்யாணமாகிப் பதினோரு வருஷம். ஏறாத மலை இல்லை, எடுக்காத ஸ்கேன் இல்லை. கடைசியில் மனைவி தாமரைதான் கும்பிட்டுச் சொல்லிவிட்டாள்: "இனிமே டாக்டரும் வேண்டாம், வேண்டுதலும் வேண்டாம். கலாஸ், முடிஞ்சுது. என்னால இன்னொரு தடவை ஏமாற முடியாதுங்க." ஆகையால் இது அவளுக்குத் தெரியவே கூடாது.

"மெரோனுக்கு நான் எங்க போறது? துபாய்ல யாத்திரிகனுக்கு எங்க போறது?" என்று ஐசக்கிடம் கேட்டிருந்தார்.

"நம்பிக்கையை மட்டும் எடுத்துக்கிட்டு வீட்டை விட்டுத் தூரமா வந்தவன் யாத்திரிகன்தான், பாய்" என்றார் ஐசக்.

அந்த இலக்கணத்துக்கு சோனாப்பூரை விட்டால் வேறு ஊர் ஏது?

"என்ன சார் யோசிக்கிறீங்க?" என்றார் அஸ்கர் அலி.

"வெயில் விழிப்புணர்வு" என்றார் சேதுராமன். "கம்பெனி நிகழ்ச்சி."

"அதை முதல்லயே சொல்லக்கூடாதா. மேல ஒரு வார்த்தை சொல்லிடுறேன்."

மேலே சொன்ன ஒரு வார்த்தை ஹெச்.ஆர். மேனேஜர் ஷிரினாக இறங்கி வந்தது. கூடவே பேனர், மைக், போட்டோ எடுக்க ஓர் ஆள். சைட்டிலிருந்து பஸ்கள் வந்து நின்றன. காலையிலிருந்து கம்பி கட்டிக் களைத்தவர்கள் வெயிலில் வரிசையாக நிறுத்தப்பட்டார்கள். உடம்பில் நீர் குறையாமல் பார்த்துக்கொள்ளும் அவசியம் குறித்து அவர்களுக்கு ஆங்கிலத்தில் உரை நிகழ்த்தப்பட்டது. உரை முடியும்வரை ஒரு சொட்டு நீர் கொடுக்கப்படவில்லை.

கேன் திறந்தது. வரிசை நகரவில்லை.

முன்னால் நின்ற அம்மையப்பன் அரியலூர்க்காரர், கம்பி கட்டுபவர். டம்ளரை எட்டிப் பார்த்தார், வாங்கவில்லை.

"எத்தனை பேரை அனுப்பப் போறீங்க சார்?"

"எங்க?"

"ஊருக்குத்தான். போன தடவை திடீர்னு கம்பெனி பிரியாணி போட்டுச்சு. மறுநாள் முப்பது பேரு கையில டிக்கெட்டு. பானகத்துக்கு எத்தனை பேருன்னு தெரிஞ்சா குடிச்சிருவோம்."

"யாரையும் அனுப்பல. இதோ, நானே குடிக்கிறேன் பாருங்க." சேதுராமன் ஒரே மூச்சில் ஒரு டம்ளரைக் காலி செய்தார்.

வரிசையில் முணுமுணுப்பு ஓடியது. "மேனேஜரும் போறாரு போலருக்கு."

ஷிரின் அவரை ஓரமாக அழைத்தார். முகம் வெளுத்திருந்தது. "சார், எனக்கே தெரியாம லிஸ்ட் ஏதாவது வந்திருக்கா? என் பேர் இருக்கா?"

சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. இன்றுதான் லாக் பஓமர்; இருட்டினால் திருநாள் முடிந்துவிடும். கேன்களில் பானகம் அப்படியே இருந்தது, அவர் குடித்த ஒரு டம்ளர் தவிர. சேதுராமன் மைக்கைப் பிடித்தார்.

"இது கம்பெனி நிகழ்ச்சி இல்ல. நான் சொன்னது பொய். எனக்குக் குழந்தை இல்ல. யூதருங்க வழக்கம் ஒண்ணு இருக்கு. தூரத்துலேர்ந்து வந்தவங்க தாகத்தைத் தீர்த்தா, அவங்க வாழ்த்து பலிக்குமாம். நீங்கள்லாம் ரொம்பத் தூரத்துலேர்ந்து வந்தவங்க. அவ்வளவுதான்."

யாரோ பின்னால் அதை இந்தியில் சொன்னார்கள். அதற்கும் பின்னால் வங்காளத்தில்.

"அட, இதுக்கா சார் பேனரு?" என்று அம்மையப்பன் டம்ளரை வாங்கினார். கண்ணை மூடி, நிதானமாக, கடைசிச் சொட்டுவரை குடித்தார். "பொண்ணோ பையனோ, ரெண்டுல ஒண்ணு வூட்டுல தவழணும். நல்லாருங்க."

அதன்பின் வரிசையை நிறுத்த முடியவில்லை. ஒவ்வொருவரும் குடித்தார்கள், ஒவ்வொரு பாஷையில் வாழ்த்தினார்கள். பீகார்க்காரர் ஒருவர், பிறந்ததிலிருந்து தான் நேரில் பார்த்திராத மகளின் படத்தை போனில் காட்டி, "இது மாதிரி" என்றார். அஸ்கர் அலி ஓரமாக நின்று துவா கேட்டார். ஷிரின் போட்டோ எடுப்பவரிடம் கேமராவைக் கீழே வைக்கச் சொன்னார். பிழைக்க வந்த இடத்தில் தங்களுக்கென்று எதுவும் வைத்துக்கொள்ளாத அந்த மனிதர்கள், ஒரு மேனேஜருக்கு வாரிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சேதுராமன் வாழ்க்கையில் முதல்முறையாக எதையும் சரிபார்க்காமல் வாங்கிக்கொண்டார்.

கடைசிக் கேன் காலியானபோது அவர் போன் அடித்தது. திரையில் தாமரையின் படம். மைக் விஷயம் அதற்குள் வீடுவரை போய்விட்டதா? போனை எடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றார்.

எட்டிப் பார்த்த அம்மையப்பன் படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்தம்மா உங்க வூட்டம்மாவா சார்? போன வெள்ளிக்கிழமை கேட்டுக்கு வெளிய எங்களுக்கெல்லாம் மோர் குடுத்தாங்களே. என்னம்மா வேண்டுதல்னு கேட்டேன். வேண்டுதல் இல்லண்ணே, பதினோரு வருஷத்துக்கப்புறம் வயித்துல தங்கியிருக்கு, அந்த சந்தோஷத்துக்குத்தான்னாங்க. எங்க வூட்டுக்காரரும் உங்க கம்பெனிதான், மூணு மாசம் தாண்டுற வரைக்கும் அவரு காதுல போட்றாதீங்க, தெரிஞ்சா மைக்கைப் புடிச்சு ஊருக்கே சொல்லிருவாருன்னாங்க."