பக்கத்து வீட்டைக் கேட்டுப் படம் போட்டவர்

படப்பையிலிருந்து எந்தத் திசையில் நடந்தாலும் கடல் வராது. ஏரி வரும், அதுவும் ஐப்பசியில் மழை ஒழுங்காகப் பெய்திருந்தால். இது நன்றாகத் தெரிந்திருந்தும் அந்த ஊரில் மனை வாங்கி, அதன்மேல் ஒரு கப்பலைக் கட்ட ஆசைப்பட்டவன் நான்.

தாம்பரத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் எனக்கு வேலை. அங்கே வாசகர்களைவிட வெளிநாட்டுப் பத்திரிகைகள் அதிகம். தூசி தட்டுகிற சாக்கில் ஒன்றைப் புரட்டியபோது அந்த வீட்டின் படம் கண்ணில் பட்டது. கப்பலின் மூக்கு மாதிரி வெளியே நீண்ட பால்கனி, வட்ட வட்டமாக ஜன்னல்கள், மாடியைச் சுற்றி இரும்புக் குழாயில் கைப்பிடி. அன்றிலிருந்து ஓட்டு வீட்டைப் பார்த்தாலே எனக்கு ஓர் இளக்காரம். படப்பை பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதுகூட நான் தூரத்தில் கரை தெரிகிறதா என்று பார்க்கிற மாதிரி நிற்பதாக என் மனைவி சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தப் படத்தோடு நான் போய்ச் சேர்ந்த இடம் 'அக்கம்பக்கம்'. இடத்தின் பெயரல்ல, ஆளின் பெயர். இந்த உலகத்தில் தனக்காக வீடு கட்டியவர்கள் உண்டு. பிள்ளைகளுக்காகக் கட்டியவர்கள் உண்டு. பங்காளி வயிறு எரிவதற்காகக் கட்டியவர்கள் ஏராளம். பக்கத்து வீட்டுக்காக வீடு கட்டச் சொன்ன மனிதர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

அரசாங்கத்தில் பாலங்களுக்குப் படம் வரைந்து ஓய்வு பெற்றவர். படப்பைக் கடைத்தெருவில் சைக்கிள் கடைக்குப் பின்னால் ஓர் அறையில் வீட்டு பிளான் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எந்த மனையைக் காட்டினாலும் "முதல்ல அக்கம்பக்கம் பாத்துடுவோம் சார்" என்று சொல்லிச் சொல்லி, அந்தப் பெயரை அவரே மறந்திருந்தார்.

அவர் வேலை செய்கிற முறையே தனி. கொண்டுபோன மடக்கு நாற்காலியைப் பிரித்து, நம் மனைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். நம் மனையில் என்ன இருக்கிறது பார்ப்பதற்கு, வெறும் நெருஞ்சி முள் என்பார். காலையில் எதிர் வீடு, மத்தியானம் பக்கத்து வீடு, சாயங்காலம் பின்பக்கத்து மாட்டுக் கொட்டகை என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். பெண் பார்க்க வந்தவர்கள்கூட அவ்வளவு நேரம் பார்க்க மாட்டார்கள். ஏற்கெனவே நிற்கிற கட்டடம் மூத்த மருமகள் மாதிரி, புதிதாக வருகிறது அதை அனுசரித்துத்தான் போக வேண்டும் என்பது அவருடைய சித்தாந்தம்.

அதனால் அதுவரை அவர் போட்ட பிளான் எதுவும் கட்டடமாக எழுந்ததில்லை. அம்மன் கோயிலை ஒட்டி மாவு மில் வைக்க வந்தவருக்கு, கோயில் வாசலைவிட உயரக்கூடாது என்று இடுப்பளவில் வாசல் வைத்துக் கொடுத்தார். மிளகாய்த் தூள் அரைக்க வருகிறவர்கள் தவழ்ந்து வர வேண்டும். மாதா கோயில் ஃபாதர் ஒரு மணிக்கூண்டு கேட்டார். இவர் அதை வாசலில் நின்ற பனைமரத்தைவிட ஒரு முழம் குட்டையாக வரைந்தார். ஊரெல்லாம் தெரிய வேண்டாமா என்று ஃபாதர் கேட்டதற்கு, "பனமரம் உங்களுக்கு முன்னாடி வந்தது ஃபாதர்" என்றாராம். ஃபாதர் சிரித்து, ஆசீர்வதித்து, வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்.

என் கப்பல் படத்தை அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"நல்லா இருக்கு சார். தண்ணி எங்க?"

அன்றே எழுந்து வந்திருக்க வேண்டும். வராததற்குக் காரணம் என் மனைவி. மறுநாளே நாற்காலியோடு வந்து எங்கள் மனைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தவரைப் பார்த்து முதலில் அவள் பயந்துதான் போனாள். மூன்றாம் நாள் அவர் ஒரு படத்தைக் கொண்டுவந்து, பக்கத்து வீட்டு வேப்பமரத்தின் நிழல் மத்தியானத்தில் எங்கே விழுகிறதோ அங்கே சமையல்கட்டு என்று காட்டினார். அவள் என் பத்திரிகைப் படத்தை இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

"இந்தக் கப்பல்ல சமையல்கட்டே காணுமே. கேப்டனுக்கு யார் சோறு போடறா?"

கப்பல் அத்தோடு மூழ்கியது.

பக்கத்து வீட்டுக்காரர் ஏகாம்பரம். நாலு தலைமுறையாக அதே ஊரில் நெல் பயிரிடுகிற குடும்பம். அவருடைய அப்பா கட்டிய நாட்டு ஓட்டு வீடு, வயதுக்கேற்ற தளர்ச்சியோடு கிழக்குப் பார்த்து நின்றது. அக்கம்பக்கம் அந்த வீட்டின் ஓட்டுச் சரிவை அளந்து, அது முடிகிற இடத்தில் எங்கள் ஓட்டைத் தொடங்கினார். அந்த ஜன்னலுக்கு நேராக இந்த ஜன்னல், அந்தத் தாழ்வாரத்தின் உயரத்துக்கு இந்தத் தாழ்வாரம். ஏகாம்பரம் வீட்டுச் சுவர் லேசாகச் சாய்ந்திருந்தது. அதற்கு ஆறுதலாக எங்கள் சுவரும் கொஞ்சம் சாய்ந்தால் நன்றாக இருக்கும் என்றார். மேஸ்திரி கரண்டியைக் கீழே போட்டுவிட்டார். "புதுச் செவுத்த கோணலா எழுப்பனா, நாளைக்கு எவன் சார் என்ன வேலைக்குக் கூப்புடுவான்?" கடைசியில் மதில் சுவர் மட்டும் சாய்வது என்று பேசி முடித்தோம்.

வீடு எழுந்தது. முதல் தடவை வந்த என் மாமனார் நேரே ஏகாம்பரம் வீட்டுக்குள் போய், கால் கழுவி, கேழ்வரகுக் களி சாப்பிட்டு, "மாப்பிள்ளை எங்கே?" என்று கேட்டபிறகுதான் வீடு மாறியது தெரிந்தது. எனக்கு அவமானம். அக்கம்பக்கம் இதைக் கேட்டு, தாமிரப் பட்டயம் வாங்கியவர் மாதிரி கண் கலங்கினார். சாயங்காலங்களில் தெருமுனையில் நின்று இரண்டு வீடுகளையும் சேர்த்துப் பார்த்துவிட்டுப் போவார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். கட்ட முடியாத கப்பலை மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று ஏகாம்பரத்திடம் தினமும் வர்ணித்துக்கொண்டிருந்தேன். அவரும் மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டே கேட்டார். சில வருஷங்களில் அவருடைய மகன் தொழிற்சாலை வேலைக்குப் போனான். பெண் தேடினார்கள். மாடி இல்லாத வீட்டுக்குப் பெண் தர மாட்டோம் என்று தண்டலத்திலும் சொன்னார்கள், மறைமலை நகரிலும் சொன்னார்கள். ஏகாம்பரம் பழைய வீட்டை இடித்துவிட்டு, "அந்தக் கப்பலு மாறி" ஒன்று கட்டுவதென்று முடிவு செய்தார். பிளானுக்கு ஊரில் ஒரே ஆள்தானே? அவரிடமே போனார்.

அன்று அக்கம்பக்கம் என் வீட்டுக்கு வந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நான் கட்டினது பாதி வீடுதான் சார். மீதிப் பாதி அவருது" என்றார்.

ஒரு வாரம் கழித்து, பிளானோடு மறுபடியும் வந்தார். மதிலருகில் வைத்து அதை ஏகாம்பரத்திடம் கொடுத்தார். அவர் அதை நேராகப் பார்த்தார், தலைகீழாகப் பார்த்தார், வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"இன்னா சார் இது, எங்க அப்பன் கட்ன வூடு மாறியே கீது?"

"மாதிரி இல்லீங்க. அதேதான்."

"புது வூடு இல்ல கேட்டேன்?"

"புதுசுதான். உங்களுக்குப் பக்கத்துல நிக்கிறது சார் வீடு. அதுக்கு ஒத்துப்போற மாதிரி வரைஞ்சா இதுதான் வருது. நான் எவ்வளவோ பாத்துட்டேன்."

"சார் வூடு எதுக்கு ஒத்துப்போவுது?"

"உங்க வீட்டுக்கு."

"அதத்தான இடிக்கப் போறேன்?"

"இடிங்க. இடிச்சுட்டு இதக் கட்டுங்க."

ஏகாம்பரம் கோபிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, இந்த ஆள் கிண்டல் பண்ணுகிறாரா, இல்லை நிஜமாகவே இப்படியா என்று ரகசியமாகக் கேட்டார். நிஜமாகவே இப்படித்தான் என்றேன். பிளானை மரியாதையாக மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தாம்பரத்தில் ஓர் இன்ஜினீயரைப் பார்த்துக்கொண்டார்.

ஆடி முடிந்ததும் பழைய வீடு தரைமட்டமாயிற்று. தை பிறந்தபோது கப்பல் நின்றது. மூக்கு, வட்ட ஜன்னல், குழாய்க் கைப்பிடி, எல்லாம் நான் வர்ணித்தபடியே. மூக்கின் நுனியில் மட்டும் திருஷ்டிக்கு ஒரு பூசணிக்காய். மகனுக்குப் பெண்ணும் அமைந்தது. எங்கள் வீடோ, போட்டோவில் பக்கத்தில் நின்றவரை வெட்டியெடுத்த பிறகு மிஞ்சிய ஆளைப் போல, இல்லாத தோளின்மேல் கை போட்டுக்கொண்டு நின்றது. அக்கம்பக்கம் தெருமுனைக்கு வருவதை விட்டுவிட்டார்.

பங்குனியில் ஒரு நாள் வந்தார். கையில் சுருட்டிய தாள். பிரித்தால், என் வீடு! ஓடு இல்லை. மூக்கு நீண்டிருந்தது. வட்ட ஜன்னல்கள்கூட இருந்தன. காம்பஸை எடுத்து வட்டம் போட மனசு வராமல் டபராவைக் கவிழ்த்துச் சுற்றியிருக்கிறார் என்று காபிக் கறையிலிருந்து தெரிந்தது.

"அக்கம்பக்கம் மாறிப்போச்சு சார். நாமளும் மாறித்தான ஆகணும்? ஊருக்கெல்லாம் சொல்லிட்டு நானே மீறினா எப்படி?"

பத்து வருஷமாக நான் கேட்ட கப்பல், கையில் இருந்தது. அதை நீட்டிய மனிதர், ஜன்மத்தில் கறி தொடாதவர் பந்தியில் கறிக் குழம்பு பரிமாற நிற்பதைப் போல நின்றுகொண்டிருந்தார்.

"வேணாம் சார்" என்றேன். "எனக்குக் கப்பல்ல போனா தலை சுத்தும்."

"நிஜமாவா?"

"சத்தியமா."

நான் கப்பலைத் துறைமுகத்துக்கு வெளியே நின்றுகூடப் பார்த்ததில்லை. அது அவருக்கும் தெரிந்திருக்கும். தாளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, என் மனைவியிடம் கேட்டு வாங்கி இரண்டு டம்ளர் காபி குடித்தார். அவர் காபி கேட்டு வாங்கிக் குடித்து நான் பார்த்தது அன்றுதான்.

அவர் போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிறது. எங்கள் தெருவில் இப்போது முழுக்க மாடி வீடுகள். ஓடு மாற்ற ஆள் வரும்போதெல்லாம் நான் லீவு போட்டுவிட்டுக் கீழேயே நிற்கிறேன். அந்தச் சரிவு ஒரு விரல்கூட மாறிவிடக் கூடாது. போன மாதம் அப்படி நின்று, ஏகாம்பரத்திடம் அக்கம்பக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் உருகிப் பேசிவிட்டேன். கப்பலின் மூக்கில் நின்று பல் குத்திக்கொண்டே கேட்டார்.

"தங்கமான மனுசன் சார், இல்லன்னு சொல்லல. ஆனா நீயே பாரேன். தெருவுல அத்தினி வூடும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போயி நிக்கிது. அவரு கட்ன வூடு ஒண்ணுதான் எதோடயும் ஒட்டாம கீது."