அத்தை படியிறங்கி வரும் படச்சுருள்

மரியாதைக்குரிய அத்தானுக்கு, மச்சினன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் அக்காவும் நலம். பிலிம்களும் நலம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது என்று எழுதவும்.

உங்கள் அம்மா, அதாவது அக்காவும் நானும் பார்த்தே இராத அத்தை, நடமாடுகிற ஒரே படச்சுருளை, நான் பொறுப்பேற்றுக் கட்டும் பிலிம் காப்பகத்தை நம்பிக் கொடுத்துவிட்டு வெளியூர் வேலைக்குப் போனீர்கள். அது என்ன ஆயிற்று என்று நீங்கள் போனில் கேட்டபோதெல்லாம் நான் இருமினேன். காரணம் இதுதான். பழைய பிலிம் குளிரிலும் இருட்டிலும் இருக்க வேண்டும் என்று கட்டட என்ஜினியரிடம் படித்துப் படித்துச் சொல்லியும், அவர் குளிர் அறைக்கு மேற்குப் பார்த்து ஆளுயர ஜன்னல் வைத்துவிட்டார். கேட்டால், "பாவம் சார், பிலிமும் எத்தனை நாள்தான் அடைஞ்சு கெடக்கும்" என்கிறார். ஜன்னலை அடைத்தோம். அறை நன்றாகக் குளிர்ந்தது. உடனே காப்பக மேலாளர் தன் நாற்காலியை உள்ளே போட்டுக்கொண்டார். ஆள் மூச்சு விட்டால் ஈரம் சேரும், பிலிம் கெடும் என்றேன். "அப்ப மெதுவா விடுறேன்" என்றார். அவருக்குச் சளி பிடித்த பிறகுதான் நாற்காலி வெளியே வந்தது. அதற்குள் உங்கள் சுருள் சுருங்கி, டப்பாவைத் திறந்தால் கெட ஆரம்பித்த பிலிமுக்கே உரிய வினிகர் வாடை. எனக்குச் சோறு இறங்கவில்லை, அத்தான்.

குளிரிலிருந்து எடுத்த சுருளை ஒரு நாள் மிதமான குளிருள்ள நடு அறையில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வேர்த்துவிடும். பிறகு துடைத்து, கிழிசல் ஒட்டி, கடைசியில் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். என்ஜினியர் இந்த அறைகளுக்குக் கதவு வைத்திருந்த லட்சணத்தில் ஸ்கேன் செய்த பிறகுதான் துடைக்கவே முடியும். சண்டை போட்டுச் சுவரை இடித்து, வழியை மாற்றினேன். இனி இங்கே தப்பு நடக்க இடமே கிடையாது.

நேற்று சுருளை ஓட்டினோம். ஸ்கேன் ஆபரேட்டர், குழந்தை காலில் முள் எடுப்பதுபோல மெதுவாக ஓட்டினார். அத்தை மாடிப்படி இறங்கி வந்து, போதும் போ என்பதுபோலக் கையசைத்துச் சிரிக்கிறார். அக்கா அழுதுவிட்டாள். "மூக்கப் பாருடா, அப்படியே உங்க அத்தான்" என்றாள். மேலாளர்கூட எழுந்து நின்றார். பிரதியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்; தனியாக உட்கார்ந்து பாருங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

உங்கள் அன்பு மாறாத
மச்சினன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது ஆபரேட்டர் வந்தார். துடைக்கிற மேசையில் இரண்டு சுருள்களுக்கு டப்பா மாறிவிட்டதாம். இந்தப் பிரதியில் சிரிப்பது வேறு வீட்டு அம்மா. சிறுவயதிலேயே தாயை இழந்த அண்ணன் தம்பி மூன்று பேர் இன்று காலை வந்து, உங்கள் அம்மாவைப் பார்த்து அழுது, "அம்மா மாறவே இல்ல" என்று சொல்லி, சுருளை எடுத்துப் போயிருக்கிறார்கள். திருப்பிக் கேட்க நாளை அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று உங்களுக்குத் தோன்றினால் போன் செய்யுங்கள்.