நீங்கள் முன்னால் போங்கள்

என் கண்ணின் ஒளியான பர்வானே அக்காவுக்கு, தெஹ்ரானிலிருந்து தம்பி ஹூஷங் எழுதுவது. உங்கள் நிழல் எங்கள் தலைமேல் என்றும் குறையாதிருக்கட்டும். ஷிராஸில் இந்நேரம் நாரத்தை பூத்திருக்கும், அத்தானின் மூட்டுவலியும் தேவலையாகியிருக்கும். இங்கே எல்லோரும் நலம். நான் மட்டும் உயிரோடு இருக்கிறேன்.

அக்கா, என் மகள் தரானேவுக்கு நீங்கள் பார்த்துக் கொடுத்த சம்பந்தத்தை உடனே முறித்துவிடுங்கள். காரணம் கேட்டால் உங்களுக்கும் படபடப்பு வரும், உட்கார்ந்துகொண்டு படியுங்கள். போன வாரம் பையனின் அப்பா ஈரஜ் வீட்டில் விருந்து. கிளம்பும்போது வாசலில் நின்று, "வெள்ளிக்கிழமை தாலகான்லேருந்து மலைக் கணவாய் தாண்டி அலமூத் வரைக்கும் நடக்கப்போறேன். நீங்களும் வந்தா என் பாக்கியம்" என்றார். வாசலில் சொல்வதெல்லாம் உபசாரம் என்பது பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். நான் மூன்று தரம் மறுத்திருக்க வேண்டும். அவர் வீட்டுச் சோறு வயிற்றில் கனத்ததில் மறந்துபோய், "உங்களோட நடக்கக் கசக்குமா?" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் வெளுத்தது. அதை நான் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து பின்வாங்கப் பார்த்தால் என் மனைவி மஹ்வஷ் விடவில்லை. "இப்ப போகலைன்னா, பொண்ணைக் குடுக்க மனசில்லைன்னு நினைப்பாங்க" என்று பூட்ஸை எடுத்து வைத்துவிட்டாள்.

விடியுமுன் நடக்க ஆரம்பித்தோம். முழங்கால்வரை பனி, மீசையில் ஐஸ், காலுறைக்குள் குளம். பிளாஸ்கில் தேநீர் இருந்தது, ஆனால் நீங்கள் முதலில், இல்லை நீங்கள் முதலில் என்று உபசரித்து முடிப்பதற்குள் அது குளிர்பானமாகிவிட்டது. அப்புறம் ஒரு செங்குத்தான சரிவு வந்தது. ஓர் ஆள் கால் வைக்கத்தான் வழி, தலைக்குமேல் பனி கூரைபோல் நீட்டிக்கொண்டிருந்தது. ஈரஜ் நின்று, நெஞ்சில் கைவைத்து, "நீங்க முன்னால போங்க" என்றார். "உங்களுக்கு முன்னால நான் நடக்கறதா?" என்றேன். "என் உசிரு மேல ஆணை, நீங்கதான்." "என் மக மேல ஆணை, நீங்கதான்." இப்படிக் குனிந்து நிமிர்ந்துகொண்டிருக்கும்போதே மேலே படார் என்றது. மூக்குக்கு முன்னால் மொத்தப் பனியும் சரிந்து, வழியையும் வாரிக்கொண்டு பள்ளத்தில் போய் விழுந்தது. முன்னால் போயிருந்தால் என்னைக் கோடையில்தான் கண்டெடுத்திருப்பார்கள்.

"இந்தப் பக்கம் அடிக்கடி வருவீங்களா?" என்று கேட்டேன்.

"படத்துல பாத்திருக்கேன்."

"அப்புறம் ஏன் கூப்பிட்டீங்க?"

"மாட்டேன்னு சொல்லுவீங்கன்னுதான். நானும் வீட்லயே தூங்கியிருப்பேன்."

வந்த காலடித் தடத்திலேயே திரும்பினோம். அதிலும் ஓரிடத்தில் உறைந்த பனியில் எனக்குக் கால் வழுக்கி, மல்லாந்தபடியே பள்ளத்தைப் பார்க்கச் சறுக்கினேன். ஈரஜ் குப்புறப் பாய்ந்து என் கோட்டுக் காலரைப் பிடித்து, "டேய் கழுதை, கையைக் குடுடா" என்றார். அக்கா, என்னை. நான் சும்மா இருந்தேனா? "இழுடா, நாய்க்குப் பொறந்தவனே" என்றேன். இழுத்துவிட்டார். மேலே வந்து மூச்சு வாங்கிய பிறகுதான் இருவருக்கும் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. கார்வரை ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டே நடந்தோம்.

எலும்பு முறிந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கழுதை என்றவரை, நாய் என்றவன், நிச்சயதார்த்தத்தில் எந்த முகத்தோடு 'உங்கள் பாதம் என் கண்மேல்' என்று வரவேற்பது? சம்பந்தம் வேண்டாம் என்றதிலிருந்து தரானே கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடாமல் கிடக்கிறாள். அதைப் பார்க்க எனக்கும் பொறுக்கவில்லை. ஆனால் வேறு வழி தெரியவில்லை. அவர்கள் மனம் நோகாமல் நீங்கள்தான் சொல்லிவிட வேண்டும்.

அத்தானின் கைக்கும் பிள்ளைகளின் கண்களுக்கும் என் முத்தம்.

உங்கள் காலடித் தூசி,
ஹூஷங்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும்போது மணி அடித்தது. ஈரஜ். 'நீங்கள் முதலில்' என்று நான் ஒதுங்கி உபசரிப்பதற்குள் நேராக உள்ளே வந்து உட்கார்ந்து, "பிள்ளைங்க கல்யாணம் வேணுமா வேண்டாமா, நேராச் சொல்லு" என்றார். "வேணும்" என்றேன். என் ஆயுளில் நான் யாருக்கும் இப்படி ஒரே வார்த்தையில் பதில் சொன்னதில்லை. தரானே கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்து எங்கள் இரண்டுபேர் கழுத்தையும் கட்டிக்கொண்டாள். மாதக் கடைசியில் கல்யாணம். நீங்களும் அத்தானும் முன்கூட்டியே வந்து எங்களோடு தங்க வேண்டும். உபசாரத்துக்குச் சொல்லவில்லை, அக்கா. வாருங்கள்.